சுவாமி வராத ஞாயிற்றுக்கிழமை: ஒரு போதகரின் தாக்கம் எப்படி நிலைக்கிறது?

இலங்கை மலையகத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனில் ஒரு சின்னக் கத்தோலிக்கக் கோயில் இருக்கிறது. தகரக் கூரை, ஆறு வாங்கு, பீடத்துக்கு மேலே மாதா சுரூபம். சுவாமி, அதாவது குருவானவர், மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். அடைமழையில் பாதை சரிந்தால் அந்த ஒரு தடவையும் இல்லை. ஆனாலும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு மணி அடிக்கும். அடிக்கிறவர் உபதேசியார், குரு இல்லாத நாளில் ஜெபம் நடத்துகிறவர். கிழமை நாளில் ஃபெக்டரியில் வேலை செய்கிற மனிதர், அன்றைக்கு மட்டும் வெள்ளைச் சாரமும் சட்டையுமாக நிற்பார். பிளாஸ்டிக் உறை போட்ட ஜெபப் புத்தகம் ஒன்று கையில் இருக்கும். அதைத் திறந்து வைத்துக்கொள்வாரே தவிர, பார்த்து வாசித்ததை நான் கண்டதில்லை.

சின்ன வயதில் ஒருநாள் அவரிடம் கேட்டேன், "சுவாமி இல்லாம நீங்க வைக்கிறதும் பூசையா மாமா?" என்று.

"பூசை இல்ல கண்ணு, ஜெபம். பூசைக்கு சுவாமி வரணும். அதுவரைக்கும் புள்ளைங்க ஜெபத்த மறந்துறாம பாத்துக்கிறதுதான் என் வேல" என்றார்.

அவர் சொன்ன அந்த வித்தியாசத்தை விட்டுவிட்டுத்தான் நம் பக்கத்தில் பலரும், 17ஆம் நூற்றாண்டில் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த கத்தோலிக்கக் குரு யோசப் வாஸ் அடிகளாரைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒவ்வொரு ஜனவரி 16ஆம் திகதியும் அவருடைய திருநாள். அன்றைக்குக் காதில் விழுவது மூன்று பேச்சு. "இலங்கைக்குக் கத்தோலிக்க மதத்தைக் கொண்டுவந்தவர்" என்பது ஒன்று. "மழை பெய்ய வைத்து ராஜாவையே மதம் மாற்றியவர்" என்பது இன்னொன்று. "பாப்பரசர் வந்து புனிதர் ஆக்கியதால் பெரியவர் ஆனவர்" என்பது மூன்றாவது. முதல் இரண்டும் பிழை. மூன்றாவதில் காரணமும் விளைவும் இடம் மாறிக் கிடக்கின்றன. அவர் உண்மையில் செய்த வேலை இந்த மூன்றுக்கும் வெளியே இருக்கிறது. அது எப்படி வேலை செய்தது என்பதைப் புதிதாகக் கேட்கிறவர்களுக்குப் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

ஊழியம் என்றால் என்ன?

தோட்டத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் 'ஊழியர் சேமலாப நிதி' தெரியும். அங்கே ஊழியர் என்றால் வேலை செய்கிறவர். தேவாலயத்தில் 'ஊழியம்' என்று சொல்வதும் அதே சொல்தான். கடவுளுக்காக மனிதருக்குச் செய்கிற வேலை, அவ்வளவுதான். பிரசங்கம் அதில் ஒரு பங்கு. நோயாளியைப் பார்ப்பது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது, செத்தவரை மரியாதையாக அடக்குவது, சண்டையிட்ட இரண்டு வீட்டுக்காரரைச் சேர்த்து வைப்பது, இதெல்லாம் ஊழியம்தான்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், போதகர் என்றவுடன் நமக்கு மேடையும் மைக்கும்தான் ஞாபகம் வருகிறது. கூட்டம் எவ்வளவு, எத்தனை பேர் மதம் மாறினார்கள் என்று எண்ணிப் பார்த்து, அதையே தாக்கம் என்கிறோம். தாக்கத்தை அளக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி வேறு: அந்த மனிதர் போன பிறகு அங்கே என்ன நடக்கிறது?

உறைமோரும் பீலியும்

ஒரு சட்டிப் பாலில் ஒரு கரண்டி உறைமோர் ஊற்றுகிறோம். காலையில் சட்டி முழுவதும் தயிர். எந்தக் கரண்டித் தயிர் நேற்று ஊற்றிய உறை என்று யாராலும் காட்ட முடியாது. அதே தயிரில் ஒரு கரண்டி எடுத்து நாளைக்கு உறை ஊற்றலாம். பக்கத்து வீட்டுக்காரி வந்து கேட்டாலும் கொடுக்கலாம். முதல் உறை எந்த வீட்டிலிருந்து வந்தது என்பது மறந்தே போய்விடும், தயிர் மட்டும் தொடர்ந்துகொண்டிருக்கும்.

இன்னொன்று, லயத்துப் பீலி. லயம் என்றால் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள், பீலி என்றால் தண்ணீர் கொட்டுகிற குழாய் வாய். மலையில் ஊற்று இருப்பது மட்டும் போதாது. அது சும்மா மண்ணுக்குள் இறங்கிப் போகும். யாரோ ஒருவர் மேலே ஏறி, குழாய் போட்டு, லயத்து வாசல்வரை தண்ணீரைக் கொண்டுவந்து பீலியில் விழவைக்க வேண்டும். அவர் ஊரைவிட்டுப் போன பிறகும் குடம் நிறையும்.

ஒரு போதகரின் தாக்கம் நிலைப்பதற்கு இந்த இரண்டும் வேண்டும். ஒன்று, அவரிடம் இருந்தது மற்றவருக்குள் போய் அவர்களுடையதாகவே ஆக வேண்டும். இரண்டு, அவர் இல்லாத நாளிலும் அது ஓடுவதற்கு ஒரு வழி போட்டிருக்க வேண்டும். நல்ல போதகர்கள் பலர் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். யோசப் வாஸ் இரண்டையும் செய்தார். இரண்டாவதில் அவருக்கு நிகராக இன்னொருவரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் வந்தபோது இங்கே என்ன இருந்தது?

இலங்கையில் கத்தோலிக்க சமயம் 16ஆம் நூற்றாண்டிலேயே, போர்த்துக்கேயர் காலத்திலேயே வந்துவிட்டது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழ்க் கத்தோலிக்கர் இருந்தார்கள். பிறகு ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். ஒல்லாந்தர் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள். கத்தோலிக்கக் குருக்கள் அவர்களுக்குப் போர்த்துக்கேயரின் கையாள் மாதிரித் தெரிந்தது. குருக்களைத் துரத்தினார்கள். ஒரு குருவுக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று கட்டளையே போட்டார்கள். அப்புறம் ஏறக்குறைய 30 வருஷம் மக்கள் குரு இல்லாமலே கிடந்தார்கள்.

கோவாவில் 1651இல் பிறந்த யோசப் வாஸ் 1676இல் குருவானவர். கொங்கணி பேசுகிற குடும்பம். கோவாவில் இந்தியக் குருக்கள் சேர்ந்து நடத்திய ஒரட்டோரியன் சபையில் இருந்தார். ஒரட்டோரியன் சபை என்றால், குருக்கள் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்து ஊழியம் செய்கிற ஒரு குழு. இலங்கையில் குருவே இல்லை என்று கேள்விப்பட்டு, தூத்துக்குடி வழியாக 1687இல் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார். வெள்ளைக்காரக் குருவாக இருந்திருந்தால் துறையிலேயே பிடித்திருப்பார்கள். இவர் நம்மைப் போலக் கறுத்த மனிதர், கூலியாள் போல உடுத்தியிருந்தார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

யார் கத்தோலிக்கர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்டால் சொல்ல மாட்டார்கள், உயிர்ப் பயம். அதனால் கழுத்தில் ஒரு செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார் என்று சொல்வார்கள். அதைப் பார்த்து யார் முகம் மாறுகிறது என்று கவனித்தாராம். பிறகு சில்லாலை கிராமத்து மக்கள் அவரை ஒளித்து வைத்தார்கள். இரவில் பூசை, விடிவதற்குள் எல்லோரும் அவரவர் வீட்டுக்கு.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால், அவர் புதிதாக ஒரு சமயத்தைக் கொண்டுவரவில்லை. அணையப் போன நெருப்பை ஊதிவிட்டார். முதல் பேச்சு பிழை என்று சொன்னது இதனால்தான்.

கண்டியில் நடந்தது

ஒல்லாந்தர் தேடத் தொடங்கியதும் புத்தளத்துக்குப் போய், அங்கிருந்து 1692இல் கண்டிக்கு ஏறினார். கண்டி அப்போது ஒல்லாந்தர் கைக்கு எட்டாத தனி ராஜ்யம். ராஜா இரண்டாம் விமலதர்மசூரியன். அங்கே வரவேற்பு கிடைக்கவில்லை, சிறைதான் கிடைத்தது. போர்த்துக்கேய ஒற்றன் என்று ராஜாவிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். சிறையிலேயே சிங்களம் படித்தார். காவல் தளர்ந்ததும் அங்கேயே ஒரு குடிசை போட்டு அதைக் கோயிலாக்கினார்.

மழைக் கதை இந்த இடத்தில்தான் வருகிறது. ராஜ்யத்தில் வறட்சி, ராஜா இவரையும் ஜெபிக்கச் சொன்னார், வெளியில் பீடம் வைத்து ஜெபித்தார், மழை கொட்டியது என்பது கத்தோலிக்கரிடையே தலைமுறை தலைமுறையாக வருகிற கதை. நானும் பாட்டி வாயால் கேட்டு வளர்ந்தவன், அதை நெஞ்சில் வைத்திருக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். ராஜா மதம் மாறவில்லை. கண்டி ராஜ்யத்துக்குள் தடையின்றிப் போதிக்க அனுமதி கொடுத்தார். அவர் கடைசிவரை பௌத்த அரசர். 1697இல் அரக்கான் நாட்டிலிருந்து பிக்குகளை அழைத்துவந்து, இலங்கையில் அற்றுப்போயிருந்த உபசம்பதாவை மறுபடி தொடங்கி வைத்தவரும் இதே ராஜாதான். உபசம்பதா என்றால் பிக்குவாக முழுமையாக ஏற்கும் சடங்கு. அதை ஏற்கெனவே பெற்ற பிக்குகள்தான் இன்னொருவருக்குக் கொடுக்க முடியும். சங்கிலி அறுந்தால் வெளியிலிருந்துதான் வர வேண்டும். கத்தோலிக்கருக்குக் கோவாவிலிருந்து குரு வந்தார், பௌத்தருக்கு அரக்கானிலிருந்து பிக்கு வந்தார். ஒரே ராஜ்யத்தில், ஒரே ராஜா காலத்தில் இரண்டும் நடந்தன. இதை நம் பிள்ளைகளுக்கு ஏன் யாரும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பதில்லை என்று எனக்கு எப்போதும் ஒரு ஆதங்கம் உண்டு.

அதே 1697இல் கண்டியில் வைசூரி பரவியது. பெரியம்மைதான். நம் பக்கத்தில் 'ஆத்தா வந்திருக்கிறாள்' என்று வேப்பிலை கட்டுவோமே, அதைவிடப் பல மடங்கு கொடியது, தடுப்பூசி இல்லாத காலம். ராஜாவும் பெரியவர்களும் நகரத்தை விட்டுப் போனார்கள். நோய் கண்டவர்களை வீட்டுக்காரர்களே காட்டோரம் கொண்டுபோய் விட்டார்கள். கோவாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த மருமகன் முறைக் குரு ஒருவரோடு யோசப் வாஸ் நகரத்திலேயே தங்கினார். நோயாளிகளுக்குக் குடில் கட்டினார், சோறு கொடுத்தார், புண்ணைக் கழுவினார், செத்தவர்களைக் குழிவெட்டி அடக்கினார். யாருடைய சமயம் என்ன என்று பார்க்கவில்லை. கண்டியில் அவர் பெயர் நிலைத்ததற்குக் காரணம் மழையா வைசூரியா என்று என்னைக் கேட்டால் வைசூரி என்றுதான் சொல்வேன். மழைக்காக அண்ணாந்து வானத்தைப் பார்த்தவர்களை, நோய் வந்தபோது குனிந்து பார்த்த மனிதர் அவர்.

மூப்பும் அண்ணாவியும்

இனித்தான் பீலி வருகிறது.

நாடு முழுவதும் கத்தோலிக்கர் சிதறிக் கிடக்கிறார்கள், இவரோ பல வருஷம் ஒரே குரு. பிறகு கோவாவிலிருந்து குருக்கள் வந்தாலும் விரல் விட்டு எண்ணும் அளவுதான். புத்தளத்துக்கு இவர் ஒரு தடவை போய்த் திரும்பி மறுபடி போக எத்தனை மாதம் ஆகும்? எல்லாம் கால்நடை. ஆகவே எந்த வேலைக்குக் குரு கட்டாயம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்தார்.

குரு கட்டாயம் வேண்டிய வேலைகள் பூசை வைப்பது, பாவசங்கீர்த்தனம் கேட்பது, நோயில் பூசுதல் போன்றவை. இவை தேவதிரவிய அனுமானங்களில் சேர்ந்தவை. இந்த நீளமான பழைய சொல்லுக்கு இப்போது அருளடையாளம் என்கிறார்கள். கடவுளின் அருளைக் கண்ணுக்குத் தெரியும் செயலாகக் கொடுக்கிற சடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குரு இல்லாமலும் நடக்கக் கூடியவை இன்னொரு பக்கம். ஞாயிறு ஜெபம், செபமாலை, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், நோயாளி பக்கத்தில் இருந்து ஜெபிப்பது, அடக்கச் சடங்கில் ஜெபம், சாகக் கிடக்கிற குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம். ஞானோபதேசம் என்றால் சமயத்தின் அடிப்படைகளைக் கேள்வி பதிலாகச் சொல்லிக்கொடுப்பது.

இந்த இரண்டாவது பக்கத்தை அந்தந்த ஊர்க்காரர் கையிலேயே ஒப்படைத்தார். கோயிலையும் அதன் உடைமையையும் ஊர் ஒழுங்கையும் பார்க்க ஒருவர். அவர் பெயர் மூப்பு. ஜெபம் நடத்தவும் சொல்லிக்கொடுக்கவும் ஒருவர். அவர் பெயர் அண்ணாவி. மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் நாட்டுக்கூத்துப் பழக்குகிறவரை இன்றைக்கும் அண்ணாவியார் என்றுதான் சொல்வார்கள். அண்ணாவி என்றால் ஆசான். தமிழில் ஏற்கெனவே இருந்த சொல், ஊர் ஏற்கெனவே மதித்த ஒரு ஸ்தானம், அதே சொல்லில் ஜெபம் நடத்துகிறவரும் ஊருக்குள் வந்து நின்றார்.

அண்ணாவி செய்ததில் இன்னொரு நுணுக்கம் உண்டு. குரு வரும் நாளுக்கு ஊரைத் தயார்படுத்தி வைப்பார். யாருக்கு ஞானஸ்நானம், எந்தச் சோடிக்குக் கல்யாணம், எந்த வீட்டில் கிடையாய்க் கிடக்கிறார்கள், யாரோடு யார் பேசுவதில்லை, எல்லாம் அவர் விரல் நுனியில் இருக்கும். குரு இரண்டு நாள்தான் தங்குவார் என்றாலும் அந்த இரண்டு நாளும் வீணாகாது.

இதுவரை சொன்னதன் சாரம் இது. குரு இல்லாமல் முடியாததைத் தனக்கு வைத்துக்கொண்டு, மிச்சம் எல்லாவற்றையும் ஊருக்குக் கொடுத்தார். அதனால் அவர் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஊர் கூடியது. உண்மையில் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகள் அவர் இல்லாதவைதான்.

மொழி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அண்ணாவி என்று ஒருவரை நியமித்தால் மட்டும் போதுமா, அவர் எதை வாசிப்பார்? யோசப் வாஸ் தமிழும் சிங்களமும் கற்று அந்த மொழிகளிலேயே ஜெபிக்கக் கற்பித்தார். அவருக்குப் பின் 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இரண்டு மொழியிலும் புத்தகம் புத்தகமாக எழுதினார். தவக்காலத்தில் வாசிக்கப்படுகிற 'வியாகுலப் பிரசங்கம்' அவருடையது. ராகம் போட்டு இழுத்து வாசிக்கும்போது எழுத்துத் தெரியாத கிழவியும் அழுவாள். கேட்டுக் கேட்டே மனப்பாடம் ஆகிவிடும். நம் காமன் கூத்துப் பாட்டுகள் தப்புப் பறையின் தாளத்தோடு காது வழியாகவே இறங்கி வந்ததை நினைத்துப் பாருங்கள். புத்தகத்தைப் பறிக்கலாம், காதில் விழுந்ததைப் பறிக்க முடியாது.

குருவே இல்லாமல் போனபோது

யோசப் வாஸ் 1711 ஜனவரி 16இல் கண்டியில் காலமானார். வயது 59. அங்கேதான் அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லறை எங்கே என்று இன்றைக்குச் சுட்டிக்காட்ட முடியாது. காரணம், 1740களில் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் காலத்தில் காற்று மாறிவிட்டது. கண்டியிலிருந்து குருக்களை வெளியேற்றினார்கள், கோயில்களை இடித்தார்கள். அவர் போட்ட பீலி தாங்குமா என்பதற்கு அதுதான் பரீட்சை.

மாத்தளை மாவட்டத்தில் கலேவெலப் பக்கம் வாகக்கோட்டை என்று ஒரு ஊர். கண்டி ராஜாக்கள் குடியமர்த்திய போர்த்துக்கேயச் சிப்பாய்களின் வழிவந்த மக்கள். பேசுவது சிங்களம். யோசப் வாஸ் காலத்திலிருந்து அவர்களோடு கோவாக் குருக்களுக்குத் தொடர்பு இருந்தது. குருக்கள் இல்லாமல் போனபோதும் அந்த ஊர் கலையவில்லை. இன்றைக்கு அங்கே இருக்கிற அந்தோனியார் கோயில் திருநாளுக்கு நம் தோட்டங்களிலிருந்தும் வேன் பிடித்துப் போகிறார்கள். கடலோரத்திலும் அப்படித்தான். பிரித்தானியர் 1806இல் கத்தோலிக்கர் மேலிருந்த தடைகளை நீக்கியபோது, ஏறக்குறைய 150 வருஷத் தடைக்குப் பிறகும், அங்கே ஒரு பெரிய சமூகம் எழுந்து நின்றது. கல்லறையைக் காட்ட முடியவில்லை, ஆனால் ஊர் ஊராகக் காட்டலாம்.

புனிதர் பட்டம்

மூன்றாவது பேச்சுக்கு வருவோம். புனிதர் பட்டம் என்பது, இவர் கடவுளோடு இருக்கிறார், இவருடைய வாழ்க்கையை நம்பிப் பின்பற்றலாம், இவரிடம் பரிந்துரை கேட்கலாம் என்று திருச்சபை அறிவிப்பது. பரிந்துரை என்றால் நமக்காகக் கடவுளிடம் பேசச் சொல்வது. புனிதரைக் கடவுளாக்குவது இல்லை. அதற்கு முந்திய படி அருளாளர் பட்டம். அதைப் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் (ஜோன் போல்) 1995 ஜனவரி 21இல் கொழும்பு காலிமுகத்திடலில் கொடுத்தார். புனிதர் பட்டத்தைப் பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜனவரி 14இல் அதே திடலில் கொடுத்தார். வழக்கமாக அந்த இரண்டாம் படிக்கு இன்னொரு புதுமை, அதாவது அற்புதம், நிரூபிக்கப்பட வேண்டும். இவருக்கு அது வேண்டாம் என்று பாப்பரசர் விலக்களித்தார். மறுநாள் தைப்பொங்கல். லயத்தில் ஒரு பக்கம் வாசல் மெழுகிக்கொண்டிருந்தார்கள், ஒரு பக்கம் டிவி முன்னால் முழங்காலில் இருந்தார்கள். சில வீட்டில் இரண்டும் ஒரே வீடு.

பாப்பரசர் பட்டம் கொடுத்ததால் அவர் பெரியவர் ஆகவில்லை. 300 வருஷமாக மக்கள் மறக்காமல் வைத்திருந்ததால்தான் பட்டம் வரை போனது.

தோட்டத்துக்கு எப்படி வந்தது?

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். யோசப் வாஸ் கண்டியில் நடந்த காலத்தில் இந்த மலைகளில் கோப்பியும் இல்லை, தேயிலையும் இல்லை, நாமும் இல்லை. நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தது 19ஆம் நூற்றாண்டில். அவர்களில் இருந்த கிறிஸ்தவர் தங்கள் ஜெபத்தை மதுரை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாங்களே சுமந்து வந்தார்கள். ஆகவே எங்கள் உபதேசியார் யோசப் வாஸ் நியமித்த அண்ணாவியின் நேர் வாரிசு என்று சொன்னால் அது சரியாகாது.

ஆனால் அதே தேவை வந்தபோது அதே வழிதான் கண்ணுக்குப் பட்டது. தோட்டம் தோட்டமாகச் சிதறிய மக்கள், விரல் விட்டு எண்ணும் குருக்கள். கத்தோலிக்கர் மட்டும் இல்லை, அங்கிலிக்கன் சபையும் இதையே செய்தது. கோப்பிக் காலத்தில் 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன், திருநெல்வேலியிலிருந்து உபதேசிமாரை வரவழைத்துத் தோட்டங்களுக்கு அனுப்பியது. மிஷனரியின் பெயர் வரலாற்றில் இருக்கும். லயம் லயமாகப் போய் அரிச்சுவடியும் ஜெபமும் சொல்லிக்கொடுத்த உபதேசியின் பெயர் பெரும்பாலும் இருக்காது. பிரட்டுக்களத்தில் கங்காணி பெயர் கூப்பிடுவதற்கு முன்னால், இருட்டோடு எழுந்து நாலு பேரைக் கூட்டி ஜெபித்தவர்கள் அவர்கள்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பழைய உபதேசியார் இப்போது இல்லை. அவருடைய மகள் மணி அடிக்கிறார். கொழும்பில் வேலைக்குப் போய்த் திரும்பி வந்தவர். அந்தப் பிளாஸ்டிக் உறை போட்ட புத்தகம் அதே புத்தகம்தான், ஆனால் இவர் பார்த்து வாசிக்கிறார். ஜெபம் முடிந்ததும் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றை விரித்து எழுதத் தொடங்கினார். வருகிற 20ஆம் திகதி சுவாமி வருகிறாராம். மூன்று ஞானஸ்நானம், ஒரு கல்யாண ஓலை, கீழ் லயத்தில் கிடையாய்க் கிடக்கிற பாட்டிக்கு நோயில் பூசுதல். "பாட்டி வீட்டுக்குப் போற வழி சறுக்கும், சுவாமிய மேல் பாதையால கூட்டிட்டுப் போகணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அதையும் எழுதிக்கொண்டார்.